அம்மா வண்டியிலேயே இருந்துவிடாத நீலகிரிப் பயணம்

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்." வயதான பெற்றோரை மலைக்கோ அருவிக்கோ அழைத்துப்போன எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருத்தம்கூடத் தெரியாது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் திரும்பி வரும்வரை வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இயற்கை அழகைப் பார்க்க 500 கிலோமீட்டர் வந்தவர்கள் பார்ப்பது நாலு டூரிஸ்ட் வேன்களை.

எங்கள் குடும்பத்தின் நீலகிரிப் பயணத்தை இங்கே ஓர் எடுத்துக்காட்டாக எடுத்து எழுதுகிறேன். எந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தோம், எவற்றை விட்டோம், ஏன், எது நினைத்தபடி நடந்தது, எது நடக்கவில்லை என்பதெல்லாம் இதில் வரும். நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். இறங்கிப் பார்க்கும் இடம் எதுவாக இருந்தாலும் யாரும் வண்டியிலேயே இருந்துவிடக் கூடாது.

போனவர்கள்

அம்மாவுக்கு 69 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். அப்பாவுக்கு 75. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, அதோடு காலையில் நீர் பிரிய ஒரு மாத்திரை. பெரம்பூர் லோகோ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீராவி எஞ்சின் என்றால் இன்றைக்கும் குரல் மாறும். அவர்களோடு நான், தம்பி, தம்பி மனைவி, அவர்களின் இரண்டு பிள்ளைகள்.

"நடக்க முடியுமா?" என்று கேட்டால் இருவரிடமிருந்தும் "அதெல்லாம் முடியும்" என்ற பதில்தான் வரும். பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு ஆழமாக உண்டு. அதனால் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் இருக்கும்போதே கவனித்துப் பார்ப்பதுதான் சரி. அம்மா மாடிப்படி ஏறும்போது பெரிதாகச் சிரமம் தெரியாது. இறங்கும்போது இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரே காலை முதலில் வைத்து இறங்குவார். முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாரம். அப்பா கடைத்தெருவுக்குப் போனால் சமதளத்தில் ஒரு 300 மீட்டருக்கு ஒருமுறை நிற்பார். பேப்பர் கடையில் தொங்கும் செய்தித்தாள் போஸ்டரைப் படிப்பதுபோல் நிற்பார். உண்மையில் மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார் என்பது, ஒரே போஸ்டரை அவர் இரண்டு முறை படித்தபோது புரிந்தது.

பயணத்தைத் திட்டமிட இந்த இரண்டும் போதும். படி இறங்கும் இடம் அம்மாவுக்கு ஆகாது. மேடேறும் இடம் அப்பாவுக்கு ஆகாது.

இதய மருத்துவரிடம் முன்கூட்டியே பேசினோம். போகலாம் என்றார். ஆனால் அதிகாலைக் குளிரில் மேட்டில் நடக்க வேண்டாம், சாப்பிட்ட உடனே நடக்க வேண்டாம், நாக்கடியில் வைக்கும் மாத்திரை பெட்டிக்குள் இல்லாமல் சட்டைப்பையில் இருக்கட்டும் என்றார். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை. வழக்கமான மாத்திரைகளை எந்த நேரத்துக்கு மாற்றலாம், மாற்றக் கூடாது என்பதையும் அவரே எழுதிக்கொடுத்தார். நீர் பிரியும் மாத்திரையை நாமாக நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ரயில் கேள்வி

அப்பாவின் ஆசை ஒன்றே ஒன்றுதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போடப்பட்ட பாதை அது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சென்னையிலிருந்து எல்லோரும் போடும் திட்டமும் தயாராக இருக்கிறது. இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம், அங்கேயே மலை ரயிலைப் பிடித்தால் நண்பகலில் ஊட்டி.

இந்தத் திட்டத்தை 75 வயதுக்காரரின் உடம்பில் வைத்துப் பாருங்கள். இரவுத் தூக்கம் அரைகுறை. காலையில் நீர் பிரியும் மாத்திரை. அதன்பின் ஏறக்குறைய 5 மணி நேரம் எதிரெதிர் இருக்கையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். பெட்டியில் கழிப்பறை கிடையாது. எஞ்சின் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நிற்கும்போதுதான் இறங்க முடியும், அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அழகான பாதை, சந்தேகமே இல்லை. ஆனால் கழிப்பறைக் கவலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அருவியும் குகையும் கண்ணில் படாது.

ஆசையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைப் பிரித்துப் பார்த்தோம். அப்பாவுக்கு வேண்டியது என்ன? நீராவி எஞ்சினைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், மலை ரயிலில் உட்கார வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் நடக்க வேண்டியதில்லை. நீராவி எஞ்சின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள். ஆக, குன்னூர் நிலையத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்தால், காலை வண்டி மேலே ஏறி வருவதையும் எஞ்சின் மாறுவதையும் நடைமேடையிலிருந்தே பார்க்கலாம். பிறகு குன்னூரிலிருந்து கிளம்பும் அடுத்த வண்டியில் ஊட்டி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்தான் ஆகும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நடுவில் நிற்கும் நிலையங்கள் எல்லாமே மலைச்சரிவின் காட்சிகள்.

இதைச் சொன்னபோது அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாதி ரயிலா?" என்றார். எஞ்சின் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்றதும் சம்மதித்தார்.

சென்னை–கோவைப் பகுதியையும் மாற்றினோம். இரவு ரயிலுக்குப் பதிலாகப் பகலில் வந்தே பாரத். ஆறு மணி நேரத்துக்குள் கோவை, இரவு அங்கேயே தூக்கம், மறுநாள் காலை மலை. கதவு திறக்கும்போது நடைமேடையை நோக்கி நீளும் படி அம்மாவின் முட்டிக்குப் பெரிய உதவி. இரவு ரயிலில்தான் போயாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: மூத்தவர்களுக்கான கீழ் படுக்கை ஒதுக்கீடு, ஒரு டிக்கெட்டில் அவர்கள் மட்டும் ஒருவராகவோ இருவராகவோ இருந்தால்தான் வேலை செய்யும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெற்றோருக்குத் தனி டிக்கெட் போடுங்கள்.

தங்கும் இடம்

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். குன்னூர் அதைவிட ஏறக்குறைய நானூறு மீட்டர் தாழ்வு, அந்த அளவுக்குக் குளிரும் குறைவு. அதனால் குன்னூரில் தங்கி ஊட்டிக்குப் பகலில் போய்வருவது என்று முடிவு செய்தோம். காலம் மாசிக் கடைசி. உறைபனி நாட்கள் முடிந்திருக்கும், மே மாத மலர்க்கண்காட்சிக் கூட்டம் தொடங்கியிருக்காது, பள்ளிகளில் தேர்வு நெருங்குவதால் சாலையும் ஓரளவு காலி.

விடுதியைப் பிடிப்பதில்தான் அதிக நேரம் போனது. முதலில் பேசிய விடுதியில் "தரைத்தளம்தான் சார்" என்றார்கள். அதை நம்பிப் பணம் கட்டாமல், வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் செல்போனில் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். சாலை மட்டத்தில் வரவேற்பறை, அதிலிருந்து 22 படி இறங்கினால் அவர்கள் சொன்ன தரைத்தளம். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மலைச்சரிவில் கட்டிய கட்டடத்துக்கு இது இயல்பு. அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு ஆகாத இடம், அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் வீல்சேர் சாய்தளம் இருப்பதாகச் சொன்னார்கள். வீடியோவில் பார்த்தால் மூன்று படியின் மேல் சரித்துப் போட்ட ஒரு பலகை.

கடைசியில் கிடைத்த விடுதியில் வண்டி நிற்கும் முற்றமும் அறையும் ஒரே மட்டம். குளியலறையில் வெஸ்டர்ன் டாய்லெட், நாலாபக்கமும் ஈரமாகாதபடி ஒரு தடுப்பு, வாசலில் உயரம் குறைவான நிலைப்படி. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே தேயிலைச் சரிவு. கட்டணம் கொஞ்சம் அதிகம். அந்த வராந்தாவே ஒரு சுற்றுலா இடமாக எங்களுக்குப் பயன்பட்டதை நினைத்தால் அது அதிகமாகத் தெரியவில்லை.

இடங்களைச் சலித்தது

சுற்றுலாப் பட்டியல்கள் எல்லாம் இடத்தின் அழகைச் சொல்கின்றன. வண்டிக் கதவு திறந்ததிலிருந்து உட்கார்ந்து பார்க்கும் பெஞ்சு வரைக்கும் என்ன இருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. பெற்றோருக்கு இடம் ஒத்துவருமா வராதா என்பதை அந்தச் சின்ன தூரம்தான் முடிவு செய்கிறது. குன்னூரிலேயே ஒரு டாக்ஸி ஓட்டுநரைப் பிடித்து, ஒவ்வொரு இடத்துக்கும் அவரிடம் அதையே கேட்டேன். எங்கே இறக்கிவிடுவீர்கள், அங்கிருந்து எத்தனை படி, ஏறவா இறங்கவா, கைப்பிடி உண்டா, உட்கார இடம் உண்டா, கழிப்பறை எப்படிப்பட்டது. தினமும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவருக்கு இதெல்லாம் மனப்பாடம். அவருடைய வண்டி நீலகிரிப் பதிவு கொண்டது, அதாவது டிஎன் 43. அதனால் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் தேவைப்படவில்லை. வெளியூர் வண்டியில் போகிறவர்கள் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். கோடைக்காலத்தில் எண்ணிக்கை வரம்பும் உண்டு, ஆகவே முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது.

பட்டியலிலிருந்து முதலில் நீக்கியது லேம்ப்ஸ் ராக் காட்சிமுனையை. காட்டுக்குள் கல் படிகளும் மேடு பள்ளமுமான பாதை. அடுத்து நீக்கியது தொட்டபெட்டா சிகரத்தை. 2,637 மீட்டர், காற்றும் குளிரும் அதிகம், வண்டியை விட்டு இறங்கியபின் மேட்டில் நடக்கவும் வேண்டும். அப்பாவுக்கு மருத்துவர் சொன்ன இரண்டு தடைகளும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. தம்பிக்கு வருத்தம்தான். அவன் பிள்ளைகளோடு, பெரியவர்கள் மதியம் தூங்கும் நேரத்தில் தனியாகப் போய்வந்தான். எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

சிம்ஸ் பார்க் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. 1874-இல் உருவான பூங்கா, 12 ஹெக்டேர். பூங்காதானே, நடக்கலாம் என்று தோன்றும். ஆனால் அது ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேல் விளிம்புக்கும் அடிக்கும் 30 மீட்டர் உயர வித்தியாசம். பத்து மாடிக் கட்டடத்தை இறங்கி ஏறுவதற்குச் சமம். வாசலில் நுழைந்ததும் பாதை இதமாகக் கீழே இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வரும்போதுதான் கணக்குத் தீர்க்க வேண்டிவரும். நாங்கள் மேல்மட்டத்திலேயே ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டோம். கீழே இறங்கிய பிள்ளைகள் அவ்வப்போது மேலே பார்த்துக் கையாட்டினார்கள். மரங்களின் உச்சியை அங்கிருந்து நேர்ப் பார்வையில் பார்க்கலாம். கீழே நின்றால் அது கிடைக்காது.

கேத்திப் பள்ளத்தாக்கு எந்தச் சிரமமும் இல்லாத இடம், சாலையோரத்திலேயே தெரிகிறது. கோத்தகிரிக்கு அப்பால் இருக்கும் கோடநாடு காட்சிமுனையையும் வைத்துக்கொண்டோம். போகும் வழி நெடுகத் தேயிலைத் தோட்டம், அதுவே பாதி சுற்றுலா. முடிவில் தடுப்புக்கம்பியைப் பிடித்து நின்றால் கீழே மாயாறு, அதன் கரையில் தெங்குமரஹாடா கிராமம், எதிரே ரங்கசாமி மலை. கீழ்த்தட்டுக்கு இறங்காமல் மேலிருந்தே பார்த்தோம். காலையிலேயே போனதால் மேகமும் மறைக்கவில்லை.

படகுச் சவாரியையும் விட்டுவிட்டோம். தண்ணீரில் போவது சுகம்தான், ஆடும் படகுக்குள் காலெடுத்து வைக்கும் அந்த ஒரு நொடி அம்மாவுக்கு ஆகாது.

தண்ணீர் குடிக்காத அம்மா

இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது வெளிப்படையாகப் பேசப்படுவதே இல்லை. வெளியூர்ப் பயணம் என்றால் அம்மா காலை காப்பிக்குப் பிறகு தண்ணீரே குடிக்க மாட்டார். வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். இந்திய முறைக் கழிப்பறையில் குந்தி உட்கார அவரால் முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. யாரிடமும் சொல்லாமல் தாகத்தை அடக்கிக்கொள்வார். மதியத்தில் தலை சுற்றும். "மலை ஒத்துக்கல" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள்.

இந்த முறை கழிப்பறைகளை வைத்தே வழியை வகுத்தோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள உணவகமோ பேக்கரியோ வரும்படி ஓட்டுநர் வண்டியை ஓட்டினார். இரண்டு டீ வாங்கிக்கொண்டு உரிமையோடு பயன்படுத்தலாம். முதல் நாள் காலையிலேயே அம்மாவிடம் அந்த இடங்களைப் பெயர் சொல்லிச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கோத்தகிரிச் சாலையில் தானாகவே பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்ததைப் பார்த்தேன். நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு, வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் ஸ்டீல் பாட்டிலும் பிளாஸ்கும் கையில் வைத்திருக்க வேண்டும்.

அதோடு வண்டியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலியும் வந்தது. உயரமான வண்டியில் ஏற அதுதான் படி, பெஞ்சு இல்லாத இடத்தில் அதுவே இருக்கை. அவசரத்துக்கு எங்கே போவது என்பதையும் பார்த்து வைத்தோம். குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை, ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓட்டுநருக்கு இரண்டுமே தெரிந்த வழி.

குன்னூர் நடைமேடையில்

காலை வண்டி வருவதற்கு முன்பே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். முதலில் புகை, பிறகு சத்தம், அதற்குப் பின்தான் பெட்டிகள். எஞ்சின் கடைசியில் இருந்து தள்ளிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் "எஞ்சின் பின்னாடி மாட்டிட்டாங்க தாத்தா" என்றார்கள். அப்பா எழுந்து நின்றார். ஏற்றத்தில் எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு ஓடாது என்று விளக்கினார். பெட்டிகளில் நின்ற பிரேக்ஸ்மேன்களைக் காட்டினார். தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் ஓடுவதையும், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறுவதையும் கையால் செய்து காட்டினார்.

"ஏன் தாத்தா, மத்த ரயிலுக்கு அது இல்லையே?"

"பன்னெண்டடி போனா ஒரு அடி ஏறணும்டா. வழுவழு சக்கரம் வழுக்கிரும்."

நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு விதிப்படி அதிகபட்ச ஏற்றமும் 1:12தான். அதற்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. குன்னூருக்கு அப்பால் ரயில் பாதை 1:23 ஆகச் சாய்ந்துவிடுவதால் பல்சக்கரம் தேவைப்படுவதில்லை. ஒரு ரயில் எஞ்சின் பல்லால் கடித்துக்கொண்டு ஏறும் ஏற்றத்தை, ஸ்டென்ட் வைத்த மனிதர் பேசிக்கொண்டே நடந்துவிடுவார் என்று மலை ஊர்களில் நாம் எதிர்பார்க்கிறோம். விடுதியில் பார்த்த அந்தப் பலகை 1:12-ஐ எல்லாம் எப்போதோ தாண்டியது.

அடுத்த வண்டிக்கு முன்பதிவு செய்திருந்ததால் முண்டியடிக்க வேண்டியிருக்கவில்லை. ஏறுவதற்கு அம்மாவுக்குத் தம்பி முன்னால், நான் பின்னால். டாக்ஸி சாலை வழியாக ஊட்டி நிலையத்துக்கு வந்து காத்திருந்தது.

சரியாக வராதது

ஊட்டி தாவரவியல் பூங்காவில் கணக்குத் தவறியது. 1848-இல் தொடங்கிய 22 ஹெக்டேர் தோட்டம், தொட்டபெட்டாச் சரிவில் அடுக்கடுக்காக ஏறுகிறது. வாசலை ஒட்டிய கீழ்ப்புல்வெளியோடு நிறுத்திக்கொள்வது என்று திட்டம். ஆனால் அன்றைக்கு வாசலில் நிறுத்தவிடாமல் வண்டியைச் சற்றுத் தள்ளியே இறக்கச் சொன்னார்கள். மிச்சத் தூரம் மேடு. பாதியில் அப்பா ஒரு வர்க்கி பிஸ்கட் கடை முன்னால் நின்றார். புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியைப் பற்றிக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். பேச்சு ஒன்றும் இல்லை, நின்று மூச்சு வாங்கத்தான். முக்காலியைப் போட்டு உட்காரவைத்தோம். பத்து நிமிடம் கழித்து, "உள்ள போய்த்தான் ஆகணுமாப்பா?" என்று கேட்டேன்.

"எஞ்சினுக்கே பல்லு வேணும்னா எனக்கு மட்டும் வேணாமா? இங்கயே இருப்போம்" என்றார்.

அம்மாவும் அவரும் கடைக்காரர் கொடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து சாலையை, கூட்டத்தை, எதிரே தெரிந்த மரங்களைப் பார்த்தார்கள். பிள்ளைகள் உள்ளே போய் இரண்டு கோடி ஆண்டு பழைய கல்மரத்தைப் படம் எடுத்து வந்து காட்டினார்கள். எங்கள் அளவுகோலின்படி இது தோல்விதான், பூங்காவைப் பெரியவர்கள் பார்க்கவில்லை. ஆனால் அப்பா தன்னால் முடியாது என்பதை வாய்விட்டுச் சொன்னதை நான் இதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த பயணங்களைத் திட்டமிட அதைவிடப் பெரிய தகவல் வேறு இல்லை.

இப்போது பேச்சு கொடைக்கானலைப் பற்றி. கோக்கர்ஸ் வாக் 1872-இல் போட்ட பாதை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், நடைதளம் போட்டது, பள்ளத்தாக்கை ஒட்டியே போகும். தம்பி அதன் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். அம்மாவின் பதில் குரல்செய்தியாக வந்தது: "அழகாத்தான்டா இருக்கு. எந்த வாசல்ல ஏறினா இறக்கமா இருக்கும், அந்த இறக்கம் எவ்வளவு, நடுவுல உக்கார எங்க எடம் இருக்கு, இதெல்லாம் அங்க டிரைவர் யாரையாவது கேட்டுச் சொல்லு. அப்புறம் டாய்லெட்டு."